வீட்டை நிறுத்திவிட்டுக் கிட்டாரோடு போங்கள்: தனியாகச் சுற்றும் கலைஞருக்குக் கேம்பர் டிரெய்லர் சரிவருமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். ஆஸ்டினில் இருக்கிறீர்கள். தனி ஆளாக ஃபிங்கர்ஸ்டைல் கிட்டார், அதாவது விரல்களாலேயே கம்பிகளை மீட்டும் பாணியில், வாசிக்கிறீர்கள். வருடத்துக்கு எழுபது எண்பது நிகழ்ச்சிகள்; பெரும்பாலும் சிறு ஊர் ப்ரூவரிகள் (பீர் தயாரித்து அங்கேயே விற்கும் இடங்கள்), நூலகங்கள், வீட்டுக் கச்சேரிகள். கிடைக்கும் பணத்தில் பாதி மோட்டல் வாடகைக்கே போய்விடுகிறது. ஒரு சின்ன கேம்பர் டிரெய்லர் வாங்கி, கையில் இருக்கும் 2021 சுபாரு அவுட்பேக்கில் மாட்டிக்கொண்டு போகலாமா என்று யோசிக்கிறீர்கள். துணைக்கு ஆள் கிடையாது. அம்மா பயப்படுகிறார். இது சரிவருமா?

சரிவரும். ஏழு வருடமாக நானும் தனி ஆளாக, ஒரு கிட்டாரும் 13 அடி ஃபைபர்கிளாஸ் டிரெய்லருமாக, கொலராடோவிலிருந்து நாலா பக்கமும் போய்வந்துகொண்டிருக்கிறேன். ஆனால் பணம் மிச்சமாகும் என்ற ஒரே காரணத்துக்காக வாங்கினால் முதல் வருடமே விற்றுவிடுவீர்கள். அந்தக் கணக்கை முதலில் பார்த்துவிடலாம்.

ஒரு நாளைக்கு 300 மைல் ஓட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நெடுஞ்சாலையில் அவுட்பேக் கேலனுக்கு 28 மைல் கொடுத்தால், பின்னால் டிரெய்லர் மாட்டியதும் 16, 17க்கு இறங்கிவிடும். கூடுதலாக ஏழரை கேலன் பெட்ரோல். கேலன் மூன்றேகால் டாலர் என்றால் 24 டாலர். முகாம் இடத்துக்கு 35 டாலர். ஆக 59. மோட்டலுக்கு 95 கொடுத்திருப்பீர்கள் என்றால் ஓர் இரவுக்கு மிச்சம் 36 டாலர். நூறு இரவு தங்கினால் 3,600. அதிலிருந்துதான் டிரெய்லர் காப்பீடு, பதிவுக் கட்டணம், டயர், பேரிங் கிரீஸ், வீட்டில் இடம் இல்லையென்றால் நிறுத்திவைக்கும் வாடகை எல்லாம் போக வேண்டும். வாங்கிய விலையை இன்னும் சேர்க்கவே இல்லை. கையைக் கடிக்காது, அவ்வளவுதான்.

உண்மையான லாபம் இரவு பதினொன்றரை மணிக்குத் தெரியும். வாசித்து முடித்து, கேபிள் சுருட்டி, நாலு பேரிடம் பேசிவிட்டு வருகிறீர்கள். உடம்பு களைத்திருக்கும், மனது இன்னும் மேடையிலேயே இருக்கும். கதவைத் திறந்தால் உங்கள் தலையணை, உங்கள் போர்வை. சின்ன அடுப்பில் காலையிலேயே செய்து வைத்த ரசத்தைச் சூடாக்கி, ஆறின சோற்றில் ஊற்றி, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம். பெட்ரோல் பங்கில் வாங்கிய காய்ந்த சாண்ட்விச்சைக் காரிலேயே தின்றுவிட்டு, யாரோ புகைத்த அறையில் போய்ப் படுப்பதற்கும் இதற்கும் மறுநாள் வாசிப்பில் வித்தியாசம் கேட்கும். மூன்றாம் நாள் தாண்டியதும் கை நடுங்குவது எனக்கு இதனால்தான் நின்றது.

சரி, அப்படியென்றால் வேன் வாங்கலாமே, இழுக்கும் தொல்லை இல்லையே என்று பலர் சொல்வார்கள். இங்கேதான் எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு. டிரெய்லரின் பெரிய வசதியே அதைக் கழற்றி வைக்கலாம் என்பதுதான். வேனில் இருப்பவர் மேடைக்குப் போனால் வீடும் கூடவே போகும். ஊர் நடுவில் நிறுத்த இடம் தேட வேண்டும், வாசிக்கும் மூன்று மணி நேரமும் வீடு தெருவில் கிடக்கும். டிரெய்லர் வைத்திருப்பவர் மதியமே முகாமுக்குப் போய், வீட்டை நிறுத்தி, கழற்றி, குளித்து, ஒரு மணி நேரம் கண்ணயர்ந்து, அப்புறம் வெறும் காரில் கிட்டாரோடு மேடைக்குப் போகலாம். ப்ரூவரியின் பின்கதவு வரை கார் போகும். டிரெய்லரோடு போனால் அந்தச் சந்தில் திரும்பக்கூட முடியாது. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில் முக்கியமானது இதுதான்: டிரெய்லரை ஒருபோதும் மேடை வாசலுக்கு இழுத்துப் போகாதீர்கள். அப்படி இழுத்துப் போகும்படிதான் பயணத்திட்டம் அமைகிறது என்றால் டிரெய்லரே வேண்டாம்.

கனடாவின் ரஷ் என்ற ராக் குழுவின் டிரம்மர் நீல் பியர்ட் 1996க்குப் பிறகு சுற்றுப்பயணங்களை இப்படித்தான் பிரித்துக்கொண்டார். தூங்குவதற்குப் பேருந்து, அதன் பின்னால் ஒரு டிரெய்லர், டிரெய்லருக்குள் மோட்டார் சைக்கிள்கள். கச்சேரி முடிந்ததும் பேருந்தில் கொஞ்ச தூரம் போய் எங்காவது நிறுத்தித் தூங்குவார். காலையில் மோட்டார் சைக்கிளை இறக்கிச் சிறு சாலைகளில் அடுத்த ஊருக்கு ஓட்டிப் போவார். பெரும்பாலும் கூட ஒருவர் வருவார். அந்த வசதி நமக்குக் கிடையாது. ஆனால் தூங்கும் வண்டி வேறு, போகும் வண்டி வேறு என்ற ஏற்பாடு நமக்கும் கட்டுப்படியாகும். இசைக்கலைஞரோடு வீடும் கூடவே போவது இந்த நாட்டில் வேறொரு காரணத்துக்காகவும் நடந்திருக்கிறது. 1930களில் ஜாஸ் கலைஞர் டியூக் எலிங்டன் தன் குழுவோடு தெற்கு மாநிலங்களில் சுற்றியபோது, கறுப்பர்களுக்கு ஓட்டல்கள் இடம் கொடுக்கவில்லை. அவர்கள் புல்மன் எனப்படும் படுக்கை வசதியுள்ள ரயில் பெட்டிகளை வாடகைக்கு எடுத்து, அவற்றிலேயே உண்டு உறங்கிக் கச்சேரிக்குப் போனார்கள். டிரெய்லர் கதவைத் திறக்கும் சில இரவுகளில் எனக்கு அது நினைவுக்கு வரும்.

இனி உங்கள் காருக்கு வருவோம். 2.5 லிட்டர் எஞ்சின் உள்ள அவுட்பேக் என்றால் இழுவைத் திறன் 2,700 பவுண்டு. கொக்கியின் மேல் அமரக்கூடிய எடை, அதாவது டங் வெயிட், 270 பவுண்டு. டர்போ எஞ்சின் உள்ள எக்ஸ்டி என்றால் 3,500 வரை போகலாம். உங்களுடையது எது என்று பாருங்கள். காரோடு வந்த கையேட்டில் டிரெய்லர் பகுதியை முழுதாகப் படியுங்கள், குறிப்பாகக் கடும் வெயிலிலும் நீண்ட மேட்டிலும் எவ்வளவு இழுக்கலாம் என்ற இடத்தை. டெக்சாஸ்காரருக்கு இரண்டுமே உண்டு.

2,700 என்றதும் 2,500 பவுண்டு டிரெய்லர் வாங்கலாம் என்று தோன்றும். வேண்டாம். விற்பவர் சொல்லும் எடை காலி எடை. என் டிரெய்லரை விற்றவர் 1,300 என்றார், எழுதியும் கொடுத்தார். முதல் பயணத்துக்கு எல்லாம் ஏற்றிக்கொண்டு, லாரிகள் நிற்கும் பெரிய பங்க் ஒன்றில் இருந்த ‘கேட்’ (CAT) என்ற நிறுவனத்தின் எடைமேடையில் ஏற்றினேன். பதினைந்து டாலர் போல வாங்குவார்கள். சீட்டைக் கையில் வாங்கிப் பார்த்தால் 1,940. ஒரு நிமிடம் அது வேறு யாருடைய சீட்டோ என்று நினைத்தேன். அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டால் சரியாகத்தான் இருந்தது. தண்ணீர் கேலனுக்கு எட்டே கால் பவுண்டுக்குச் சற்று மேல், 12 கேலன் தொட்டி நிறைந்தால் 100. நிரம்பிய புரொபேன் சிலிண்டர் 37. பேட்டரி, ஸ்பீக்கர், மைக் ஸ்டாண்டுகள், குக்கர், அரிசி, துணி, விற்பதற்கு எடுத்துப் போன எல்பி தட்டுகள் என்று ஏறிக்கொண்டே போனது. ஆகவே உங்கள் காருக்குக் காலி எடை 1,500க்கு மேல் போகாத டிரெய்லராகப் பாருங்கள். 13 அடி ஃபைபர்கிளாஸ் வண்டிகள், அல்லது கண்ணீர்த்துளி வடிவில் வரும் டியர்டிராப். மினசோட்டாவின் பேக்கஸில் செய்யப்படும் ஸ்கேம்ப் நல்ல வண்டி. 1968 வாக்கில் கனடாவின் வினிபெக்கில் உருவான போலர் வண்டியின் வழிவந்தது. இரண்டு பாதிகளாக வார்த்து ஒட்டிய கூடு என்பதால் கூரையில் நான்கு பக்கமும் மூட்டு கிடையாது, அதனால் ஒழுகுவது குறைவு. பழையதாக வாங்கினாலும் விலை அவ்வளவாக இறங்குவதில்லை. டியர்டிராப் இன்னும் லேசு. ஆனால் உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. மழை நாளில் கட்டிலில் உட்கார்ந்தபடி ஸ்கேல் வாசிக்க உங்களுக்குத் தலைக்கு மேல் இடம் வேண்டும். நான் ஃபைபர்கிளாஸ் பக்கம்தான்.

அப்புறம் பிரேக். சின்ன வண்டிதானே, கார் பிரேக்கே போதும் என்பார்கள். நம்பாதீர்கள். கலிபோர்னியாவில் டிரெய்லரின் மொத்த எடை 1,500 பவுண்டைத் தாண்டினாலே அதற்குத் தனி பிரேக் வேண்டும். பல மாநிலங்களில் 3,000. சட்டம் என்ன சொன்னாலும் நீங்கள் மின்சார பிரேக் உள்ளதாக வாங்கி, காரில் பிரேக் கன்ட்ரோலர், அதாவது ஓட்டுநர் இருக்கையிலிருந்தே டிரெய்லரின் பிரேக்கை இயக்கும் கருவி, பொருத்திக்கொள்ளுங்கள். ஏன் என்பதை எனக்கு நடந்ததிலிருந்தே சொல்கிறேன்.

இரண்டாம் வருடம், அக்டோபர். லாரமியிலிருந்து ராலின்ஸுக்கு ஐ-80 சாலையில் போய்க்கொண்டிருந்தேன். எல்க் மலையை ஒட்டிய அந்தப் பகுதி காற்றுக்குப் பேர்போனது; உயரமான, லேசான வண்டிகளுக்குச் சாலை மூடல் என்று வயோமிங் போக்குவரத்துத் துறை அடிக்கடி பலகையில் போடும். அன்று மூடவில்லை. முந்தின இரவு அவசரமாகச் சாமான் ஏற்றியதில், எல்பி பெட்டிகள் மூன்றையும் ஸ்பீக்கரையும் டிரெய்லரின் பின்கட்டிலில் போட்டிருந்தேன். ஒரு பெரிய லாரி என்னைத் தாண்டியது. அது இழுத்த காற்றில் டிரெய்லரின் வால் இடது பக்கம் நகர்ந்தது. கண்ணாடியில் பார்த்தேன். திரும்பி வலது பக்கம் வந்தது, முன்பைவிட அதிகமாக. மூன்றாவது ஆட்டத்தில் காரின் பின்பக்கமே கூட ஆடுவது இடுப்பில் தெரிந்தது. அந்த நேரத்தில் கால் தானாகக் கார் பிரேக்கைத்தான் தேடும். அழுத்தினால் டிரெய்லர் காரை மடக்கிவிடும். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, கன்ட்ரோலரில் இருக்கும் கைவிசையைக் கட்டைவிரலால் அழுத்தினேன். டிரெய்லரின் பிரேக் மட்டும் பிடித்து, வால் நேராக இழுபட்டு நின்றது. ஆர்லிங்டன் பக்கம் ஒதுங்கி, கை நிதானத்துக்கு வந்த பிறகு, பெட்டிகளை எல்லாம் டிரெய்லரின் சக்கர அச்சுக்கு மேலேயும் சற்று முன்னாலும் மாற்றி வைத்தேன். அதற்கப்புறம் அந்த மாதிரி ஆடவே இல்லை.

காரணம் எளியது. டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின் மேல் அமர வேண்டும். அதற்குக் குறைந்தால் வால் கனத்து ஆடத் தொடங்கும். 1,940 பவுண்டு வண்டிக்கு 12 சதவீதம் என்றால் 233. உங்கள் காரின் 270க்குள் அடங்கும். இதை வீட்டிலேயே பார்க்கலாம்: குளியலறை எடைக்கருவியின் மேல் ஒரு மரக்கட்டையை நிறுத்தி, கொக்கியை அதன்மேல் இறக்கினால் போதும். கருவியின் அளவு எவ்வளவு வரை என்று மட்டும் முதலில் பாருங்கள். ஒவ்வொரு முறை சரக்கு ஏறும்போதும், விற்கும்போதும் எடை மாறும். தட்டுகள் எல்லாம் விற்றுத் தீர்ந்த பயணத்தின் கடைசி வாரத்தில் நான் இன்னொரு முறை எடை போடுவேன். வேகம் 60ஐத் தாண்ட வேண்டாம். டிரெய்லருக்கென்று வரும் எஸ்டி டயர்கள் பலவற்றுக்கு 65 மைல்தான் வரம்பு. கலிபோர்னியாவில் இழுத்துச் செல்லும் எந்த வண்டிக்கும் சட்டப்படி 55.

தனியாக மாட்டுவதும் கழற்றுவதும் பற்றிக் கேட்டிருந்தீர்கள். காரின் பின்கேமரா இருந்தால் டிரெய்லர் கொக்கிக்கு நேராகக் காரின் பின்னால் இருக்கும் இணைப்புப் பந்தைக் கொண்டுவருவது பத்து முறையில் பழகிவிடும். எனக்குப் பயமெல்லாம் கழற்றுவதில்தான். முதலில் டிரெய்லரின் இரண்டு டயருக்கும், இரண்டு பக்கமும், கட்டை கொடுங்கள். அதன் பிறகுதான் கொக்கியைத் தொட வேண்டும். லேசான சரிவில் கட்டை கொடுக்காமல் கொக்கியைத் தூக்கினால் 2,000 பவுண்டு உங்களைக் கேட்காமல் கிளம்பிவிடும். பிடித்து நிறுத்த எவராலும் முடியாது. மாட்டும்போது வரிசை தலைகீழ்: கொக்கி, பூட்டு, சங்கிலிகள் இரண்டையும் கொக்கிக்குக் கீழே குறுக்காக மாட்டுவது, பிரேக்அவே கம்பி (டிரெய்லர் கழன்றுவிட்டால் அதன் பிரேக்கைத் தானாகப் பிடிக்க வைப்பது), மின்சார வயர், கடைசியாகக் கட்டையை எடுப்பது. இதை ஒரு அட்டையில் எழுதி ஸ்டீயரிங்கில் மாட்டி வைத்திருக்கிறேன். அட்டையை எடுக்காமல் காரை ஓட்ட முடியாது, அதனால் படித்தே ஆக வேண்டும். நடுவில் யாராவது வந்து ‘எந்த ஊர்?’ என்று அன்பாகப் பேச்சுக் கொடுப்பார்கள். பேசுங்கள், ஆனால் அப்புறம் அட்டையின் முதல் வரியிலிருந்து தொடங்குங்கள். பின்விளக்குகள் எரிகின்றனவா என்று பார்க்க ஆள் இல்லையென்றால், ஏதாவது கடையின் கண்ணாடிச் சுவருக்கு முதுகு காட்டி நிறுத்தி, பிரேக்கை அழுத்திப் பிரதிபலிப்பைப் பாருங்கள். பங்கில் நிற்கும்போதெல்லாம் டிரெய்லரின் சக்கர மையத்தைக் கையால் தொட்டுப் பார்ப்பதும் பழக்கமாகட்டும். வெதுவெதுப்பு சரி. கை வைக்க முடியாத சூடு என்றால் பேரிங் போகிறது என்று அர்த்தம்.

பின்னால் எடுப்பதற்கு ஒரே தந்திரம்: கையை ஸ்டீயரிங்கின் அடிப்பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். டிரெய்லரின் பின்பக்கம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்துங்கள். சந்தேகம் வந்தால் இறங்கிப் போய்ப் பாருங்கள். எத்தனை முறை இறங்கினாலும் தகும்.

முதலில் சொன்னதோடு சேர்ந்த இன்னொரு விஷயம், இரவில் முகாமுக்குத் திரும்புவது. தேசியப் பூங்கா முகாம்களில் பெரும்பாலும் இரவு 10 முதல் காலை 6 வரை சத்தம் கூடாது. சில மாநிலப் பூங்காக்களில் இரவில் வாயிலைப் பூட்டிவிடுவார்கள். முன்பதிவு செய்தவர்களுக்குத் திறக்கும் எண்ணைக் கொடுப்பார்கள். அந்த எண்ணை மதியமே வாங்கிப் பர்ஸில் வையுங்கள். டிரெய்லர் ஏற்கெனவே நின்றிருந்தால் நடுராத்திரி நீங்கள் செய்ய வேண்டியது காரை மெல்ல ஓட்டிவந்து கதவைச் சத்தமில்லாமல் சாத்துவது மட்டும்தான். கச்சேரி முடிந்து 80 மைல் ஓட்டி, தெரியாத இடத்தில், இருட்டில், மரங்களுக்கு நடுவே பின்னால் எடுக்கும் நிலைமைக்கு உங்களை ஆளாக்கிக்கொள்ளாதீர்கள். மேற்குப் பக்கச் சாலைகளில் இரவானால் மான்கள் குறுக்கே வரும். 2,000 பவுண்டு பின்னால் தள்ளும்போது திடீரென்று நிறுத்த முடியாது. என் வழக்கம்: இழுக்கும் நாளில் நான்கு மணி நேரம், அதுவும் மதியம் இரண்டு மணிக்கு முன்னால் முடிய வேண்டும். முடிந்தால் ஓரிடத்தில் மூன்று இரவு நின்று, ஐம்பது அறுபது மைல் சுற்றளவில் மூன்று கச்சேரி. இப்படி அமைத்தால் வருடத்தில் பத்துப் பதினைந்து கச்சேரி குறையும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

கிட்டாரைப் பற்றி நீங்கள் ஒன்றுமே கேட்கவில்லை, அதனால் நானே சொல்கிறேன். கிட்டார் எப்போதும் காரில், உங்களோடு, ஏசியில். ஓடும்போது டிரெய்லரில் வைக்கவே கூடாது. நின்ற டிரெய்லரிலும் பகலில் வைக்கக் கூடாது. அமரில்லோவில் ஒரு ஜூலை மதியம், ‘சாப்பிட்டுவிட்டு வந்துவிடலாம்’ என்று டிரெய்லருக்குள் விட்டுப் போனேன். திரும்பி வரும்போது பெட்டியின் உலோகக் கொக்கியைத் தொட முடியவில்லை. அன்று மாலை சுருதி சேர்க்கும்போது கம்பிகள் இறங்கிக்கொண்டே இருந்தன. கிட்டாரின் முன்பலகையில் கம்பிகளைப் பிணைக்கும் பாலத்தின் பின்விளிம்பில் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருந்தது. மூடிய வண்டிக்குள் கோடையில் 140 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டுவது சாதாரணம். அந்தச் சூட்டில் பசை இளகும். கம்பிகளோ அந்த நேரமும் நூற்றைம்பது பவுண்டுக்கு மேல் இழுத்துக்கொண்டிருக்கும். வாசிக்கப் போன இடத்துக்கு அருகிலேயே ஒருவர் கிட்டார் கடன் கொடுத்ததால் அன்று வாசித்தேன்.

சூட்டைவிட மெதுவாகக் கெடுப்பது வறட்சி. ஆஸ்டினின் ஈரத்தில் வளர்ந்த கிட்டார் அது. சாண்டா ஃபே போனால் 7,000 அடி உயரம், காற்றில் ஈரமே இருக்காது. மரம் சுருங்கும், கழுத்தில் குறுக்காகப் பதித்த உலோகப் பட்டைகளான ஃப்ரெட் சுருங்காது. கழுத்தின் ஓரத்தில் விரலை மேலிருந்து கீழே ஓட்டிப் பாருங்கள். ஃப்ரெட் முனைகள் சின்ன ரம்பம் மாதிரி உறுத்தினால் மரம் தாகத்தில் இருக்கிறது. அதையும் கவனிக்காமல் விட்டால் முன்பலகை வெடிக்கும். பெட்டிக்குள் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் இருக்க வேண்டும். பெட்டியில் ஒரு சின்ன ஈரப்பத மானி, கூடவே ஈரத்தைச் சமன் செய்யும் பைகள், இரண்டும் போட்டு வையுங்கள். இரவில் டிரெய்லர் ஹீட்டர் ஓடும்போது காற்று இன்னும் காயும். பெட்டியில் வைக்காத கிட்டாரைக் கட்டிலுக்கு அருகில் சாய்த்து வைத்துத் தூங்கிவிடாதீர்கள்.

திருட்டு. 1999 ஜூலையில் சோனிக் யூத் என்ற ராக் குழுவின் கருவிகள் இருந்த வாடகை லாரி தெற்குக் கலிபோர்னியாவில் ஒரே இரவில் காணாமல் போனது. அவர்கள் விதவிதமான சுருதிகளுக்காக மாற்றியமைத்து வைத்திருந்த கிட்டார்கள் அதில் இருந்தன. அவற்றில் சில மட்டும் பல வருடம் கழித்துத் திரும்பக் கிடைத்தன. பெரிய குழுவுக்கே அப்படி. நீங்கள் கழற்றி வைத்துப் போகும் டிரெய்லருக்குக் கொக்கிப் பூட்டு ஒன்றும் சக்கரப் பூட்டு ஒன்றும் போடுங்கள். வெளியில் உங்கள் பெயரோ கிட்டார் படமோ ஒட்டாதீர்கள். கருவிகளின் வரிசை எண்ணைப் படம் எடுத்து வையுங்கள். காப்பீட்டில் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை: சம்பாதிப்பதற்காக வாசிக்கும் கருவி சாதாரண வீட்டுக் காப்பீட்டில் பெரும்பாலும் அடங்காது. கலைஞர்களுக்கென்று கருவிக் காப்பீடு தனியாக உண்டு, எடுத்துக்கொள்ளுங்கள். அதேபோல் கார் காப்பீட்டின் பொறுப்புப் பகுதி இழுக்கும்போது டிரெய்லருக்கும் பொருந்தலாம். ஆனால் டிரெய்லருக்கே சேதமானால் அதற்குத் தனியாக எடுத்திருக்க வேண்டும்.

அம்மாவின் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். வேனோடு ஒப்பிட்டால் டிரெய்லருக்கு ஒரு குறை உண்டு: ஏதாவது சரியில்லை என்று பட்டால் படுக்கையிலிருந்து அப்படியே ஓட்டிப் போக முடியாது, வெளியே இறங்கித்தான் காருக்குப் போக வேண்டும். அதனால் நான் நெடுஞ்சாலை ஓய்விடங்களிலும் கடை வாகன நிறுத்தங்களிலும் அவசரத்துக்கு மட்டும்தான் தூங்குவேன். டெக்சாஸ் ஓய்விடங்களில் 24 மணி நேரம் நிற்கலாம், கலிபோர்னியாவில் 8 மணி நேரம். வேறு சில மாநிலங்களில் இரவு தங்கவே விடமாட்டார்கள். வால்மார்ட் நிறுத்தத்தில் தங்குவது அந்தக் கடை மேலாளரையும் ஊர்ச் சட்டத்தையும் பொறுத்தது, போன் செய்து கேட்டுவிடுங்கள். மற்ற நாட்களில், வெளிச்சத்தோடு போய்ச் சேரும் முகாம், பக்கத்தில் குடும்பங்கள் இருக்கும் இடம். நியூ மெக்சிகோ, யூட்டா பக்கம் நில மேலாண்மைப் பணியகத்தின் பொது நிலங்களில் பெரும்பாலும் 14 நாள் வரை காசில்லாமல் தங்கலாம். அழகான இடங்கள், ஆனால் போன் சிக்னல் இருக்காது. பழகிய பிறகு போங்கள். டெக்சாஸில் நிலம் ஏறக்குறைய முழுவதும் தனியாருடையது என்பதால் அங்கே இந்த வழி இல்லை. அம்மாவோடு போனில் இருப்பிடத்தைப் பகிர்ந்துகொள்ளுங்கள். போய்ச் சேர்ந்ததும் ஒரு வார்த்தை என்று நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா என்று மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். தனியாகத் தூங்குபவருக்குத் திருடனைவிட அதுதான் ஆபத்து.

வீட்டுக் கச்சேரிக்குக் கூப்பிடுபவர்கள் பலர் ‘எங்கள் வீட்டு வாசலிலேயே நிறுத்திக்கொள்ளுங்கள்’ என்பார்கள். அருமையான ஏற்பாடு. வாசல் எவ்வளவு சரிவு, மேலே மரக்கிளை தொங்குகிறதா, திரும்பி வெளியே வர இடம் உண்டா என்று படம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். விருந்தினர் அறையில் படுத்தால் நடுராத்திரி வரை பேச வேண்டியிருக்கும். டிரெய்லர் இருந்தால் பத்தரைக்கு நன்றி சொல்லிவிட்டுத் தூங்கப் போகலாம், அவர்களும் வருத்தப்பட மாட்டார்கள்.

கிழக்குப் பக்கம் போனால் வழிகாட்டும் செயலியை அப்படியே நம்ப வேண்டாம். கனெக்டிகட்டின் மெரிட் பார்க்வே, நியூயார்க்கின் பார்க்வேக்கள் டிரெய்லர்களை அனுமதிப்பதில்லை. பால்டிமோரில் ஃபோர்ட் மெக்ஹென்றி, ஹார்பர் இரண்டு சுரங்கப் பாதைகளிலும் புரொபேன் சிலிண்டருக்குக் கட்டுப்பாடு உண்டு. முன்பெல்லாம் அந்த ஊரின் கீ பாலம் வழியாகச் சுற்றிப் போவோம். 2024 மார்ச்சில் கப்பல் மோதி அது விழுந்ததிலிருந்து ஊரைச் சுற்றிப் போகும் ஐ-695 சாலையின் மேற்குப் பக்கமாகச் சுற்ற வேண்டியிருக்கிறது.

வரி விஷயத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. டிரெய்லர் வந்ததும் வாடகை வீட்டை விட்டுவிட்டு முழு நேரமும் சாலையிலேயே இருக்கலாம் என்ற ஆசை வரும். நிலையான வீடோ தொழிலிடமோ இல்லாதவரை வரித்துறை நாடோடியாகக் கணக்கில் எடுக்கும்; அப்போது தங்கும் செலவு, சாப்பாட்டுச் செலவைத் தொழில் பயணச் செலவாகக் கழிக்க முடியாது. ஆஸ்டின் வீட்டை விடுவதற்கு முன்னால் கணக்கரிடம் பேசுங்கள்.

வாங்கியதும் கச்சேரி எதுவும் ஒத்துக்கொள்ளாமல் இரண்டு இரவு போய்வாருங்கள். இங்க்ஸ் லேக் மாநிலப் பூங்கா உங்களுக்கு ஒன்றரை மணி நேரம்தான். அங்கே பத்து முறை மாட்டுங்கள், பத்து முறை கழற்றுங்கள், ஒரு முறையாவது இருட்டிய பிறகு. கிளம்பி 50 மைல் ஓடியதும் சக்கர நட்டுகளை டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்கிப் பாருங்கள். அடுத்தது கெர்வில் போல இரண்டு மணி நேரத்துக்குள் இருக்கும் ஊரில் ஒரு கச்சேரி.

அதற்கப்புறம் செப்டம்பரில் கான்சஸின் வின்ஃபீல்டுக்குப் போங்கள். 1972 முதல் அங்கே வால்நட் வேலி விழா நடக்கிறது. ஃபிங்கர்ஸ்டைல் கிட்டாருக்கென்று பெயர்பெற்ற போட்டியும் உண்டு. ஐ-35 பிடித்து வடக்கே 500 மைல் போல. மூன்று நாளாகப் பிரித்து ஓட்டுங்கள். மேடையைவிட முகாமில்தான் அதிக வாசிப்பு நடக்கும். விழா தொடங்கும் முன்பே வந்து இடம் பிடித்து, பெக்கான் மரங்களுக்கு அடியில் டிரெய்லர்களை அருகருகே நிறுத்தியிருப்பார்கள். இருட்டியதும் ஒவ்வொரு விளக்குக்கு அடியிலும் நாலைந்து பேர் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருப்பார்கள். பாதிப் பேர் தனியாக வந்தவர்கள்தான். உங்கள் டிரெய்லர் வாசலில் மடக்கு நாற்காலி ஒன்றைக் கூடுதலாகப் போட்டு வையுங்கள், யாராவது பெட்டியோடு வந்து உட்காருவார்கள்.